ரிசல்ட் நல்லாத்தான் வருது, ஷேர் மட்டும் ஏன் அசைய மாட்டேங்குது?

ஆர்எஸ்யூ_ஆறுமுகம் (கேள்வி)

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா படிக்கறதோட சரி, இன்னிக்குதான் கேள்வின்னு ஒண்ணு போடறேன், தப்பான பகுதில போட்டிருந்தா அட்மின் மாத்திவிடுங்க.

நான் வேலை பாக்கற கம்பெனி அமெரிக்கால லிஸ்ட் ஆனது, பேர் வேண்டாம். பேங்குக்கும் டெலிகாமுக்கும் சாஃப்ட்வேர் விக்கறாங்க, நான் சென்னை ஆபீஸ். வருஷா வருஷம் ஆர்எஸ்யூ (சம்பளத்தோட சேத்து குடுக்கற கம்பெனி ஷேர்) குடுப்பாங்க, வரிக்கு புடிச்சது போக மிச்சம் வந்தது எல்லாம் அப்படியே அக்கவுண்ட்ல கெடக்கு, ஒண்ணு கூட விக்கல. பிரச்சனை என்னன்னா நான் சேந்தப்ப என்ன ரேட்டோ கிட்டத்தட்ட அதே ரேட்லதான் இன்னிக்கும் நிக்குது. நடுவுல கொஞ்சம் மேல போகும், ஆகான்னு பாப்போம், ரெண்டே மாசத்துல பழைய எடத்துக்கே வந்து உக்காந்துக்கும்.

ரிசல்ட் மோசம்னா கூட புரியும். ஒவ்வொரு குவார்ட்டரும் எதிர்பாத்ததை விட ரெண்டு சென்ட் கூடத்தான் இபிஎஸ் (ஒரு ஷேருக்கு வர்ற லாபம்) வருது, டிவிடெண்ட் குடுக்கறாங்க, பைபேக் (கம்பெனியே தன் ஷேரை திரும்ப வாங்கறது) அறிவிக்கறாங்க, டவுன்ஹால்ல எல்லாரும் கை தட்டறோம், அடுத்த நாள் பாத்தா ஷேர் 1 சதவீதம் இறங்கியிருக்கு.

டீம்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் சிஇஓ மாறணும்ங்கறார், ஒருத்தர் வெளிலேர்ந்து பெரிய இன்வெஸ்டர் யாராவது உள்ள வரணும்ங்கறார், புதுசா சேந்த பையன் பிரஸ் ரிலீஸ்ல நாலு எடத்துல ஏஐன்னு போட்டா ஏறிடும்ணாங்கறான். மைக்ரோசாஃப்டே பத்து பதினஞ்சு வருஷம் இப்படித்தான் நின்னுச்சு, அப்புறம் பிச்சுக்கிட்டு போகலையான்னு வேற கேக்கறாங்க. உண்மையிலேயே இப்படி நிக்கற டெக் ஸ்டாக்கை கடைசில நகத்தறது எது? விக்கலாமா வச்சுக்கலாமான்னு கேக்கல. எதைப் பாத்துட்டு இருக்கணும்னுதான் கேக்கறேன்.

சார்ட்டு_சாமி

வீக்லி சார்ட் போட்டு பாருங்க ப்ரோ. இத்தனை வருஷமா ஏறி இறங்கிட்டு இருக்கற ரேஞ்சோட மேல் கோட்டை நல்ல வால்யூமோட (நெறைய ஷேர் கைமாறி) தாண்டி க்ளோஸ் ஆச்சுன்னா கிளம்பிடுச்சுன்னு அர்த்தம். எவ்ளோ நாள் சைட்வேஸ்ல நின்னுச்சோ அவ்ளோ பெரிய மூவ் வரும். காரணம் எல்லாம் அப்புறம் டிவிக்காரன் சொல்லுவான்.

பழைய_லெட்ஜர்

சாமி, நகர்ந்ததுக்கு அப்புறம் நகர்ந்துச்சுன்னு சொல்றதுக்கு சார்ட் எதுக்கு, அவர் கேக்கறது எதனால நகருதுன்னு.

ஆறுமுகம் தம்பி, மைக்ரோசாஃப்ட் பேச்சை எடுத்தீங்க, அதையே எடுத்துக்கிட்டு பாப்போம், ஏன்னா அந்தக் கதையை பாதிப்பேர் தப்பாத்தான் சொல்றாங்க. 1999 டிசம்பர் கடைசில அது கிட்டத்தட்ட 60 டாலர் வரை போச்சு (அப்புறம் நடந்த ஸ்ப்ளிட்டைக் (ஒரு ஷேரை ரெண்டா பிரிச்சதை) கணக்குல எடுத்த ரேட்). 2009 மார்ச்ல 15 டாலர் பக்கம். 2012 முடியும்போது 27 டாலர் கூட இல்ல. 1999 உச்சத்தை மறுபடி தாண்டினது 2016 அக்டோபர்ல. பதினாறு வருஷம் பத்து மாசம். அன்னிக்கு உச்சத்துல வாங்கினவன் வீட்ல பொறந்த கொழந்த பதினொண்ணாவது படிக்கற வரைக்கும்.

இப்ப லாப நஷ்டக் கணக்கு பக்கம் வாங்க. 2000 ஜூன்ல முடிஞ்ச வருஷத்துல அவங்க வருமானம் 2,300 கோடி டாலர், 2013 ஜூன்ல முடிஞ்ச வருஷத்துல கிட்டத்தட்ட 7,800 கோடி. ஷேருக்கு லாபம் அதே ஸ்ப்ளிட் கணக்குல 85 சென்ட்லேர்ந்து 2.58 டாலர் ஆயிடுச்சு, அதாவது மூணு மடங்கு. கம்பெனி தூங்கவே இல்ல, நல்லா சம்பாரிச்சுட்டுத்தான் இருந்துச்சு. ஆனா 1999 கடைசில அந்த லாபத்துக்கு 70 மடங்குக்கு மேல ஜனங்க குடுத்தாங்க, 2013 ஜூன்ல 13 மடங்கு குடுத்தாங்க. லாபம் மூணா பெருகுச்சு, மடங்கு அஞ்சுல ஒண்ணா சுருங்குச்சு, ரெண்டையும் பெருக்கிப் பாருங்க ரேட் ஏன் ஏறலன்னு தெரிஞ்சிடும். அந்தப் பதிமூணு வருஷமும் பழைய பேராசைக்கு தவணை கட்டிட்டு இருந்த காலம்னு வச்சுக்கோங்க.

அதுக்கப்புறம் நடந்தது இதோட தலைகீழ். 2013 ஜூன் கடைசில 34 டாலர் சில்லறை, 2021 ஜூன் கடைசில 270 டாலர், கிட்டத்தட்ட எட்டு மடங்கு. ஷேருக்கு லாபம் 2.58லேர்ந்து 8.05, அதாவது மூணு மடங்குக்கு கொஞ்சம் மேல. மிச்சம் ரெண்டரை மடங்கு எங்கேர்ந்து வந்துச்சு? பிஇ, அதாவது லாபத்துக்கு ஜனங்க குடுக்கற அந்த மடங்கு, 13லேர்ந்து 33 ஆனதுலேர்ந்து. ஸ்டாக் படுத்து கெடந்த காலத்துலயும் லாபம் மூணு மடங்கு ஆச்சு, பறந்த காலத்துலயும் மூணு மடங்குதான் ஆச்சு. முதல்ல பதிமூணு வருஷம் எடுத்துச்சு, அப்புறம் எட்டு வருஷத்துல முடிஞ்சுது, அந்த வித்தியாசம் இருக்கு, இல்லங்கல. ஆனா பெரிய வித்தியாசம் மடங்குலதான்.

அதனால உங்க கம்பெனில முதல் வேலை, நீங்க சேந்தப்ப பிஇ என்ன, இப்ப என்னன்னு எழுதி வச்சுப் பாருங்க. லாபம் ஏறி, ரேட் நின்னு, பிஇ இறங்கிட்டே வந்திருந்தா ஒரு விதமான தேக்கம். லாபமே நின்னு பிஇயும் நிக்குதுன்னா வேற விதம். ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் கெடையாது.

ஆர்எஸ்யூ_ஆறுமுகம்

நன்றி சார், இப்படி பிரிச்சு யாரும் சொன்னதில்ல. பாத்தேன், எங்களோடது முதல் வகை போல, நான் சேந்தப்ப 30 பக்கம் இருந்துச்சு இப்ப 14. அப்ப இறங்க வேண்டியது இறங்கிடுச்சு, இனிமே ஏற வேண்டியதுதான்னு எடுத்துக்கலாமா? அப்புறம் மைக்ரோசாஃப்ட்ல அந்த மடங்கு திரும்பினது சத்யா நாதெள்ளா வந்ததாலதானே, எங்க டீம்ல சிஇஓ மாறணும்னு சொல்றவர் அதைத்தான் உதாரணமா சொல்றார்.

பழைய_லெட்ஜர்

முதல் கேள்விக்கு, எடுத்துக்க முடியாது. 2011 ஜூன்ல மைக்ரோசாஃப்ட் பிஇ 10க்கும் கீழ இருந்துச்சு, கைல ரொக்கம் வேற குவிஞ்சு கெடந்துச்சு. மலிவா இருக்குன்னு அன்னிக்கே எல்லாருக்கும் தெரியும். ஆனா உருப்படியா கிளம்பினது 2013ல. மலிவா இருக்கறது ஏத்தத்துக்கு காரணம் இல்ல, ஏறினா நெறைய ஏறறதுக்கு இடம் இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம்.

ரெண்டாவது, தேதியை பாருங்க. நாதெள்ளா பதவிக்கு வந்தது 2014 பிப்ரவரி 4. ஆனா 2013ல மட்டும் ஷேர் 40 சதவீதம் ஏறிடுச்சு, அந்த வருஷம் பூரா ஸ்டீவ் பால்மர்தான் சிஇஓ. அதுலயும் அமெரிக்க மார்க்கெட்டே அந்த வருஷம் 30 சதவீதம் கிட்ட ஏறுச்சு, அதை கழிச்சுட்டுத்தான் கம்பெனிக்குன்னு சொந்தமா என்ன நடந்துச்சுன்னு பாக்கணும். இதை யாரும் பண்றதில்ல. மார்க்கெட் மொத்தமா ஏறும்போது இதுவும் கூட ஏறுச்சுங்கறது கேக்க சுவாரஸ்யமா இல்லை பாருங்க.

அந்த வருஷத்துலயே ரெண்டு நாள் முக்கியம். ஜூலை 19, சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட் விக்காம கெடந்ததுக்கு 90 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதினதும் ஒரே நாள்ல 11 சதவீதம் விழுந்துச்சு. ஆகஸ்ட் 23, பால்மர் ஓய்வு பெறப்போறேன்னு சொன்னதும் ஒரே நாள்ல 7 சதவீதம் ஏறுச்சு. அடுத்து யார்னு தெரியாது, திட்டம் தெரியாது, ஆள் போறார்ங்கறதுக்கே அவ்ளோ. ஏப்ரல்லயே வேல்யூஆக்ட்ங்கற ஃபண்டு 200 கோடி டாலர் கிட்ட ஷேர் வாங்கியிருக்கோம்னு சொல்லி உள்ள வந்துடுச்சு. உங்க டீம்ல பெரிய இன்வெஸ்டர் வரணும்னு சொன்னாரே, அவரும் பாதி சரிதான்.

தாமரை_கோட்

லெட்ஜர் சார் கணக்கு சரி, ஆனா நாதெள்ளாவை இவ்ளோ சுலபமா ஒதுக்கிட்டு போறது எனக்கு ஒப்புக்க முடியல. 7 சதவீதம் ஒரு நாள் சந்தோஷம். அது எட்டு மடங்கா ஆனதுக்கு யாராவது உக்காந்து வேலை பாத்திருக்கணும்ல.

பதவிக்கு வந்து ரெண்டு மாசம் கூட ஆகல, 2014 மார்ச் 27ல ஐபேடுக்கு ஆஃபீஸ் வந்துச்சு. அந்த வேலை பால்மர் காலத்துலயே நடந்துட்டு இருந்ததுதான், தெரியும், ஆனா விண்டோஸைக் காப்பாத்தறதுக்காக ஆஃபீஸை அடைச்சு வைக்க மாட்டோம்னு உலகத்துக்கு சொன்னது அன்னிக்குதான். நோக்கியா போன் பிஸினஸை பால்மர் 2013 செப்டம்பர்ல 720 கோடி டாலருக்கு கிட்ட பேசி முடிச்சுட்டு போனார், இவர் 2015 ஜூலைல அதுல 760 கோடியை நஷ்டம்னு எழுதித் தள்ளிட்டார், வாங்கின காசை விட அதிகம். லாபக் கணக்குல பெரிய ஓட்டை, ஆனா இனிமே இதுல காசைக் கொட்ட மாட்டாங்கன்னு மார்க்கெட்டுக்கு புரிஞ்சுது. சம்பாரிக்கற காசை எங்க கொண்டு போய் போடறாங்கங்கறது மேல நம்பிக்கை இல்லன்னா அந்த லாபத்துக்கு யார் 30 மடங்கு குடுப்பாங்க சொல்லுங்க. அதுக்கு முன்னாடி 2007ல ஏகுவான்டிவ்ங்கற விளம்பரக் கம்பெனியை 600 கோடிக்கு மேல குடுத்து வாங்கி 2012ல கிட்டத்தட்ட மொத்தத்தையும் எழுதித் தள்ளினாங்க, பப்ளிக் ஆனதுலேர்ந்து முதல் தடவையா குவார்ட்டர் நஷ்டமே வந்துச்சு. அப்படி ஒரு பழக்கம் இருக்கற கம்பெனிக்கு 10 மடங்குங்கறது அநியாயம்னு சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, இதுதான் நான் சொல்ல வந்ததே. மொத்த வளர்ச்சியை பாக்காதீங்க ஆறுமுகம், உள்ள பிரிச்சு பாருங்க. ஒரு கணக்கு போடறேன், இது எந்த கம்பெனியோடதும் இல்ல, சும்மா வச்சுக்கிட்டது. வருமானம் 100. அதுல 90 பழைய பிஸினஸ், வருஷம் 5 சதவீதம் குறையுது. 10 புது பிஸினஸ், வருஷம் 40 சதவீதம் வளருது. முதல் வருஷம் முடிவுல 85.5 கூட்டல் 14, மொத்தம் 99.5. வெளிலேர்ந்து பாக்கறவனுக்கு செத்த கம்பெனி. ரெண்டாவது வருஷம் 100.8. மூணாவது வருஷம் 104.6. நாலாவது 111.7. அஞ்சாவது வருஷம் 123.4, அதாவது அந்த ஒரு வருஷத்துல மட்டும் 10 சதவீதத்துக்கு மேல வளர்ச்சி. இந்த அஞ்சு வருஷத்துல உள்ள எதுவுமே மாறல பாருங்க, அதே மைனஸ் 5, அதே ப்ளஸ் 40. சிஇஓ மாறல, புது ப்ராடக்ட் வரல. சின்னது பெருசாச்சு அவ்ளோதான். ஆனா பேப்பர்ல என்ன போடுவான், தூங்கிட்டு இருந்த கம்பெனி விழிச்சுக்கிச்சும்பான்.

மைக்ரோசாஃப்டோட க்ளவுட் (சர்வரை வாடகைக்கு விடற பிஸினஸ்) அஜூர் பொதுவுக்கு வந்தது 2010, ஆஃபீஸை சந்தாவுக்கு விக்கற ஆஃபீஸ் 365 வந்தது 2011, ரெண்டுமே பால்மர் காலம். ஸ்டாக் படுத்திருந்தப்பவே விதை உள்ள போயாச்சு.

சார்ட்டு_சாமி

அந்த நாலாவது அஞ்சாவது வருஷம்தான் சார்ட்ல மேல் கோட்டை தாண்டற ப்ரேக் அவுட்டா தெரியும். நான் சொன்னதும் அதுதான் 😀

தாமரை_கோட்

இல்ல சாமி, புத்தி இருக்கறவன் ரெண்டாவது வருஷமே வாங்கிடுவான். கம்ப்யூட்டர் சிப் விக்கற ஏஎம்டி பாருங்க. லிசா சூ 2014 அக்டோபர்ல சிஇஓ ஆனாங்க, அதுக்கப்புறமும் 2015ல 2 டாலருக்கு கீழ போச்சு, சிஇஓ மாறினா ஏறும்னு வாங்கினவங்க அந்த வருஷம் பூரா என்ன நெனச்சிருப்பாங்கன்னு தெரியல. 2016 ஆரம்பத்துல 3 டாலருக்கு கீழ, வருஷக் கடைசில 11 டாலர். அவங்களோட புது ரைசன் சிப் கடைக்கு வந்ததே 2017 மார்ச்ல. பொருள் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ரேட் கிளம்பிடுச்சு. நடுவுல 2016 ஏப்ரல்ல ஒரு நாள்ல 50 சதவீதம் ஏறுச்சு, எதுக்கு, சீனால ஒரு கூட்டு நிறுவனத்துக்கு சர்வர் சிப் டெக்னாலஜியை லைசென்ஸ் குடுத்து 29 கோடி டாலர் வரும்னு சொன்னதுக்கு. கடன்ல திணறிட்டு இருந்த கம்பெனிக்கு அந்த காசு பெருசு, அதை விடப் பெருசு, அந்த டிசைனுக்கு காசு குடுக்க வெளில ஒருத்தன் இருக்கான்ங்கற சேதி.

நெல்லை_இன்டெக்ஸ்

எல்லாரும் ஏறின கதையே சொல்றீங்களே, ஏறாத கதை ஒண்ணு சொல்றேன். ஐபிஎம்.

2011ல வாரன் பஃபெட்டே 1,000 கோடி டாலருக்கு மேல போட்டு வாங்கினார், தொழில்நுட்பக் கம்பெனியே வேண்டாம்னு இருந்த மனுஷன். பிஇ குறைவு, டிவிடெண்ட் உண்டு, பைபேக்னா அவங்க பண்ணுன அளவுக்கு பண்ணுன ஆளே கம்மி. 2015ல ஷேருக்கு 20 டாலர் லாபம் காட்டுவோம்னு முன்கூட்டியே சபதம் வேற போட்டாங்க, 2014 அக்டோபர்ல அது நடக்காதுன்னு கைவிட்டாங்க. 2012லேர்ந்து வரிசையா 22 குவார்ட்டர் வருமானம் குறைஞ்சுது. 2011ல 10,700 கோடி டாலர் கிட்ட இருந்த வருமானம் 2017ல 7,900 கோடி. 2017ல பஃபெட் மூணுல ஒரு பங்கை வித்துட்டேன்னு சொன்னார், அடுத்த வருஷ ஆரம்பத்துல மொத்தமும் காலி. 2013ல 210 டாலரைத் தாண்டி இருந்த ரேட்டை திரும்ப தாண்ட 2024 ஆயிடுச்சு. அதுக்குள்ள 3,400 கோடிக்கு ரெட் ஹேட்ங்கற சாஃப்ட்வேர் கம்பெனியை வாங்கி, பழைய மெயின்டனன்ஸ் பிஸினஸை கின்ட்ரில்னு தனியா பிரிச்சு விட்டு, சிஇஓவும் மாறியாச்சு.

அங்கயும் புது பிஸினஸ் வளருதுன்னுதான் ஒவ்வொரு குவார்ட்டரும் சொன்னாங்க அக்கா. ஆனா எது புதுசு எது பழசுன்னு கோடு போடறதே கம்பெனிதானே, பழசுல கொஞ்சத்தை எடுத்து புதுசு டப்பால போட்டா வளர்ச்சி தன்னால வரும். உங்க கணக்குல மைனஸ் 5, ப்ளஸ் 40னு சுத்தமா இருக்கு. நிஜத்துல அந்த 40 நிஜமா 40ஆன்னு கண்டுபிடிக்கறதுதான் முழு வேலையே.

தாமரை_கோட்

ஒத்துக்கறேன். அதனாலதான் கம்பெனி தானா முன்வந்து ஒரு நம்பரை தனியா காட்ட ஆரம்பிக்கறது முக்கியமான நாள். அமேசான் 2015 ஏப்ரல் வரைக்கும் ஏடபிள்யூஎஸ்ங்கற க்ளவுட் பிஸினஸோட வருமானத்தை 'மற்றவை'ன்னு ஒரு வரில ஒளிச்சு வச்சிருந்துச்சு. நெறைய பேர் அது நஷ்டத்துல ஓடுதுன்னே நெனச்சுட்டு இருந்தாங்க. முதல் தடவையா தனியா பிரிச்சு காட்டினாங்க, மூணு மாசத்துல 157 கோடி டாலர் வருமானம், 26 கோடிக்கு மேல ஆபரேட்டிங் லாபம். அடுத்த நாள் ஷேர் 14 சதவீதம் ஏறுச்சு. அன்னிக்கு கம்பெனிக்குள்ள புதுசா ஒரு சர்வர் கூட வாங்கியிருக்க மாட்டாங்க. இருந்ததை காட்டினாங்க.

மைக்ரோசாஃப்டும் அதே 2015 ஏப்ரல்ல, கமர்ஷியல் க்ளவுட் 2018 நிதியாண்டுல வருஷத்துக்கு 2,000 கோடி டாலர் ஓட்டத்துக்கு (இப்ப வர்ற வேகத்தை முழு வருஷத்துக்கு பெருக்கின கணக்கு) வந்துடும்னு இலக்கு சொன்னாங்க, 2017 அக்டோபர்லயே தொட்டாச்சுன்னு சொல்லிட்டாங்க. ஐபிஎம் 20 டாலர் சபதத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் பாருங்க. அவங்க சொன்னது ஷேருக்கு லாபம், அதை பைபேக் பண்ணி, வரியைக் குறைச்சு, ஆளைக் குறைச்சு எப்படி வேணா வர வைக்கலாம். இவங்க சொன்னது கஸ்டமர் குடுக்கற காசு.

சிரிப்பு என்னன்னா 2016 ஜூன்ல முடிஞ்ச வருஷத்துல மைக்ரோசாஃப்ட் அறிவிச்ச மொத்த வருமானம் 9,360 கோடிலேர்ந்து 8,530 கோடியா குறைஞ்சுது, விண்டோஸ் 10 வருமானத்தை தள்ளி வச்சு கணக்கெழுதினது ஒரு முக்கிய காரணம். மேல் வரியை மட்டும் பாத்தவன் வித்துட்டு போயிருப்பான். அந்த வருஷம் முடிஞ்சு நாலு மாசத்துல ஷேர் 1999 உச்சத்தை தாண்டிடுச்சு.

மாம்பலம்_மணி

புது பையன் சொன்ன ஏஐ மேட்டரை யாருமே தொடலையே. ஏறும், பையன் சொல்றது பொய் இல்ல. டேட்டாபேஸ், க்ளவுட் விக்கற ஆரக்கிள் 2025 செப்டம்பர் 10, கையெழுத்தான ஆர்டர் 45,500 கோடி டாலர் நிலுவைல இருக்குன்னு சொன்னதும் ஒரே நாள்ல 36 சதவீதம். அவ்ளோ பெரிய கம்பெனிக்கு அவ்ளோ பெரிய ஒரு நாள் ஏத்தம். அதோட நிறுவனர் லாரி எலிசன் அன்னிக்கு கொஞ்ச நேரம் உலகத்துலயே பெரிய பணக்காரர். வருஷம் முடியறதுக்குள்ள அந்த ஏத்தம் மொத்தமும் போய், அதுக்கும் கீழ வந்துடுச்சு. ஆர்டர்ல பெரும்பங்கு ஓபன்ஏஐங்கற (சாட்ஜிபிடி கம்பெனி) ஒரே கஸ்டமர்னு தெரிய வந்துச்சு, அதுக்கு டேட்டா சென்டர் கட்ட கடன் வாங்கணும்னு தெரிய வந்துச்சு. அதனால நகருமான்னு மட்டும் கேக்காதீங்க, நகர்ந்த எடத்துல நிக்குமான்னும் கேளுங்க.

இன்டர்நெட்டுக்கு வேண்டிய ரௌட்டர், ஸ்விட்ச் விக்கற சிஸ்கோ ஷேரை வச்சிருந்தவங்களை கேட்டுப் பாருங்க. 2000 மார்ச்ல 80 டாலர், உலகத்துலயே மதிப்பு கூடின கம்பெனின்னு கொஞ்ச நாள் பேர் வாங்குச்சு. திரும்ப அந்த 80ஐ பாத்தது 2025 டிசம்பர். இன்டர்நெட் பெருசா வரும்னு நம்பினவங்க யாரும் ஏமாறல, இன்டர்நெட் அவங்க நெனச்சதை விட பெருசாத்தான் வந்துச்சு. குடுத்த ரேட்தான் ஏமாத்திடுச்சு.

அப்புறம் ஒண்ணு, கேக்காமயே சொல்றேன். சம்பளமும் அதே கம்பெனி, சேமிப்பும் அதே கம்பெனி. கம்பெனி சறுக்குச்சுன்னா வேலையும் ஷேரும் ஒரே மாசத்துல போகும். அமெரிக்கா பங்கு 60,000 டாலருக்கு மேல சேந்துச்சுன்னா நமக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த ஊர் எஸ்டேட் டாக்ஸ் (செத்தவர் சொத்து மேல போடற வரி) வேற உண்டு, வருஷா வருஷம் ரிட்டர்ன்ல ஷெட்யூல் எஃப்ஏ (வெளிநாட்டு சொத்து விவரம்) போட மறக்காதீங்க.

ஆர்எஸ்யூ_ஆறுமுகம்

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஷெட்யூல் எஃப்ஏ போடறேன் சார், ஆடிட்டர் பாத்துக்கறார்.

ஒரு சின்ன சந்தேகம். தாமரை அக்கா சொன்ன மாதிரி உள்ள பிரிச்சு பாக்கலாம்னு போனேன், எங்க ரிப்போர்ட்ல க்ளவுட்டுனு தனியாவே காட்டல, சப்ஸ்க்ரிப்ஷன்னு ஒரு வரி, சர்வீஸஸ்னு ஒரு வரி, அவ்ளோதான். பழைய மெயின்டனன்ஸ் காசும் சப்ஸ்க்ரிப்ஷன்லயே போட்டிருக்காங்கன்னு உள்ள வேலை பாக்கறதால எனக்குத் தெரியும். அப்ப வெளிலேர்ந்து பாக்கறவங்களுக்கு எதுவும் தெரியாது இல்லையா. இதுக்கு நடுவுல ஒவ்வொரு குவார்ட்டரும் ரெண்டு சென்ட் அதிகமா வருதே, அதுக்கு ஏன் மதிப்பே இல்ல?

பழைய_லெட்ஜர்

முதல்ல ஒண்ணு தம்பி, உள்ள இருந்து தெரிஞ்ச நம்பர் எதையும் இங்க எழுதிடாதீங்க, அத வச்சு வாங்கவும் விக்கவும் போயிடாதீங்க, அது வேற வம்பு. வெளில வந்த ரிப்போர்ட்டை மட்டும் வச்சுப் பேசுவோம்.

ரெண்டு சென்ட் கதை இதுதான். குவார்ட்டர் ஆரம்பத்துல கம்பெனியே கைடன்ஸை (இவ்ளோ வரும்ங்கற தன் கணிப்பை) கொஞ்சம் குறைச்சுச் சொல்லும், அனலிஸ்டுங்க அதை ஒட்டியே எஸ்டிமேட் போடுவாங்க, கடைசில ரெண்டு சென்ட் கூட வரும். வாங்கறவனுக்கு இது தெரியும், அதனால அவன் மனசுல ஏற்கனவே ரெண்டு சென்ட் சேத்துத்தான் ரேட் போட்டிருப்பான். அஞ்சு சென்ட் வந்தாத்தான் சேதி. நிக்கற ஷேரை நகத்தறது போன குவார்ட்டர் நம்பர் இல்ல, அடுத்த வருஷத்துக்கு அனலிஸ்டுங்க போட்டு வச்சிருக்கற நம்பர் மேல போக ஆரம்பிக்கறது. அது மாசக்கணக்குல ஒரே பக்கமா நகருதான்னு பாருங்க. பெரிய ஃபண்டுங்க வாங்கிச் சேக்கறதுக்கு அவ்ளோ நாள் எடுக்கும்.

அப்புறம் பைபேக்னு சொன்னீங்கள்ல. 10-கேங்கற வருஷ ரிப்போர்ட்ல இபிஎஸ் கணக்குக்கு கீழ டைல்யூட்டட் ஷேர் எண்ணிக்கைன்னு (ஊழியருக்கு குடுக்க வேண்டியதையும் சேத்தது) இருக்கும், இந்த வருஷத்தோடதையும் நீங்க சேந்த வருஷத்தோடதையும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மைக்ரோசாஃப்ட் 2000ல 1,100 கோடி ஷேர் சில்லறை வச்சிருந்துச்சு, 2013ல 847 கோடி. நெஜமாவே குறைச்சாங்க. பாதி கம்பெனில பைபேக்ங்கறது ஓட்டை வாளில தண்ணி எறைக்கறது, ஒரு பக்கம் வாங்கறான், ஒரு பக்கம் ஊழியருக்கு அள்ளிக் குடுக்கறான்.

ஆர்எஸ்யூ_ஆறுமுகம்

பாத்துட்டேன் சார். இத்தனை வருஷமா பைபேக்னு அறிவிச்சு இத்தனை கோடி டாலர் செலவழிச்சும் எண்ணிக்கை அரை சதவீதம்தான் குறைஞ்சிருக்கு. மிச்சம் எல்லாம் எங்களுக்கு குடுத்ததையே மார்க்கெட்ல திரும்ப வாங்கியிருக்காங்க போல.

மாம்பலம்_மணி

அப்ப நீங்களும் சேந்துதான் ஷேரை புடிச்சு வச்சிருக்கீங்க 😂 சரி, டைல்யூட்டட் எண்ணிக்கை ஆச்சு. அடுத்து கேஷ் ஃப்ளோ பக்கத்துல ஸ்டாக் பேஸ்டு காம்பென்சேஷன்னு (ஊழியருக்கு ஷேரா குடுத்த சம்பளம்) ஒரு வரி இருக்கும், அது ஃப்ரீ கேஷ் ஃப்ளோல (தொழில்ல வந்த ரொக்கத்துல முதலீட்டு செலவு போக மிச்சம்) எத்தனை சதவீதம்னு பாத்துட்டு வந்து போடுங்க. அது மூணுல ஒரு பங்குக்கு மேல இருந்து, உங்க 14 பிஇ அந்த செலவை கழிக்காத லாபத்துல போட்ட கணக்குன்னா, அது நிஜமா 14 இல்ல.